யாரைக் கண்டித்தோம் என்று கேட்போம்

(பி.எட். மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் ஒழுங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரு சின்ன இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடங்காத ஒரு மாணவரைக் கண்டித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, "நான் செய்தது சரியா?" என்று ஆசிரியருக்குள் ஓடுகிற உறுத்தல். உங்களில் பலர் சீக்கிரமே வகுப்பறைக்குள் நுழையப்போகிறீர்கள். உங்களுக்கும் அது வரும்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தோழி சொன்னது இது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். வீட்டுப்பாடம் எழுதமாட்டான், பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், கேட்டால் எதிர்த்துப் பேசுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அம்மாவைக் கூட்டிட்டு வராம கிளாசுக்குள்ள வராதே" என்று வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு நாளும் அவன் பள்ளிக்கே வரவில்லை. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். "நான் ரொம்பக் கடுமையா நடந்துகிட்டேனா?" என்று தோழி கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஆசிரியர் அறையில் சுலபமாக ஆறுதல் கிடைத்துவிடும். "விடுங்க டீச்சர், அதுங்க எல்லாம் அப்படித்தான்" என்பார்கள். அந்த "அதுங்க"வுக்குள் எந்தத் தெரு இருக்கிறது என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

நான் தோழியிடம் வேறொன்று கேட்டேன். அதே தவறைச் செய்த வேறு யாரையெல்லாம் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்? கொஞ்ச நேரம் யோசித்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகனும் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை. அவனை அனுப்பியதில்லை. அனுப்பினால் சாயங்காலமே ஆள் வந்துவிடும்.

யார்மீது கோபப்பட்டால் நமக்கு ஒன்றும் ஆகாதோ, அவர்மீதுதான் நம் கோபம் தாராளமாகப் பாய்கிறது. இதற்கு ஆசிரியர் சாதி வெறியராக இருக்க வேண்டியதில்லை. கையை எங்கே ஓங்கலாம், எங்கே மடக்க வேண்டும் என்பதை ஊரே சொல்லிக்கொடுத்துவிடும்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பை எடுக்காததாலேயே சட்டப்படி நடந்துகொண்டோம் என்று நினைக்க முடியாது. "ஸ்காலர்ஷிப் வாங்கத் தெரியுதுல்ல?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்பதில் பிரம்பு இல்லை. அடி இருக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் காட்டும் கயிறு கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. யார் கடைசி பெஞ்ச் என்பதை ஆசிரியரின் நல்ல மனதை நம்பி விடவில்லை பாருங்கள். ஆனால் கயிற்றைக் கழற்று என்று வகுப்பில் சொல்லப்போவது யார்? நாம்தான். சித்தாளின் மகனிடம் உயர்ந்த குரல் அங்கே எழாவிட்டால், அந்த மௌனத்துக்கும் சாதி உண்டு.

"அப்படியென்றால் தலித் மாணவரைக் கண்டிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கண்டிக்கலாம். "நமக்கெதுக்கு வம்பு" என்று அவனைக் கடைசி பெஞ்சில் அப்படியே விட்டுவிடுவதும் கைகழுவுதல்தான். ஆனால் கண்டிப்பு அவனை வகுப்பறையிலிருந்து வெளியேற்றக் கூடாது. அந்த இடம் நாம் கொடுத்ததில்லை. அதை எடுக்கவும் நமக்கு உரிமையில்லை. அவனுடைய முன்னோர் எத்தனை தலைமுறை வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை மறந்துவிட்டு, "வெளியே போ" என்பதைச் சாதாரண வார்த்தையாகச் சொல்ல முடியாது.

தோழி மூன்றாம் நாள், அம்மா வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனார். பையன் திரும்ப வந்தான். எல்லோர் முன்னால் அனுப்பியதால், எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். அவன் இப்போதும் வீட்டுப்பாடம் ஒழுங்காக எழுதுவதில்லை. பள்ளி விட்டதும் அரைமணி நேரம் கூட உட்கார்ந்து எழுத வைக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் முதல் வாரமே ஒரு நோட்டுப் போடுங்கள். யாரை, எதற்காகக் கண்டித்தீர்கள் என்று எழுதுங்கள். அதே தவறுக்கு யாரைக் கண்டிக்காமல் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். சாதி எழுத வேண்டாம், பெயர் போதும். மாதக் கடைசியில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு நம்பிக்கையான இரண்டு ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஊரை எதிர்த்து ஒரு கயிற்றைக் கழற்றச் சொல்லவும் அவர்கள் கூட வேண்டியிருக்கும்.

ஜெய்பீம்.