சைக்கிளும் சிக்கனமும்



2022ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், நம் நாட்டில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்தது. சீனக்குடாவிலே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் குன்றுகள்போல் நிற்க, அயலிலுள்ள தம்பலகாமத்து உழவரும் கூலியாளரும் பெற்றோலின்றித் தவிக்க நேர்ந்தது. அந்நாளில் கைகொடுத்தது சைக்கிளே. ஆனால் சைக்கிளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறின. சைக்கிள் நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும் ஏழைக்கு, பழையதைத் திருத்திக்கொள்ளும் அறிவே முதலாயிற்று. அவ்வறிவு எக்காலத்துக்கும் உரியது.

பழையனவற்றுள் எதை வாங்கலாம்? சட்டம், கைபிடி, மட்காட், கரியர் ஆகியவற்றை வாங்கலாம். சட்டத்தின் பொருத்துகளில் வெடிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். பின்பு ஒரு நூலை முன்கழுத்தில் சுற்றி, அதன் இரு முனைகளையும் பின்சில்லுப் பொருந்தும் இடங்களில் இழுத்துப் பிடியுங்கள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை. விற்பவரிடம் பற்றுச்சீட்டுப் பெறவும் மறவாதீர்கள்.

எதை வாங்கலாகாது? பிறேக் கட்டை, பிறேக் கம்பி, வெடித்த ரயர், வளைந்து நிமிர்த்திய முன்கவை ஆகியவற்றை வாங்கலாகாது. இவற்றில் மிச்சம்பிடிக்கும் காசு வைத்தியசாலையிலே செலவாகிவிடும்.

ரயர் வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 26 × 1⅜ என்ற ரயரும் 26 × 1.95 என்ற ரயரும் ஒரே றிம்மில் பொருந்துவன அல்ல. 26 என்ற எண்ணை மட்டும் நம்பாமல், பழைய ரயரில் உள்ள அளவை முழுமையாக எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

இனி, வீட்டிலே செய்யத்தக்கவை. செயினின் ஊசிகளுக்கிடையே அரை அங்குலம் இருக்கும். ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். அடிமட்டத்தால் அளக்கும்போது 12 1/16 அங்குலம் காட்டினால் செயினை மாற்றுங்கள். பிந்தினால், தேய்ந்த செயின் பற்சில்லையும் தின்றுவிடும். ஒரு செலவு இரண்டாகும்.

வயற்சேறும் கடற்காற்றின் உப்பும் இரும்புக்குப் பகை. செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். மிகுந்த எண்ணெய் மணலைச் சேர்த்து அரம்போல் அராவும். பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையானது. அதை அறியாது பலங்கொண்டு திருகினால் மரை கெடும்.

எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டுமென்பதில்லை. கோணிய சில்லை நிமிர்த்துவதும் சட்டத்தை ஒட்டுவதும் கைதேர்ந்த தொழிலாளிக்குரியன. அவருக்குரிய கூலியை மனமுவந்து கொடுப்போம். ஆனால் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் வித்தையை வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் கற்கட்டும். வழியில் காற்றுப் போனாலும் அவர்கள் பள்ளிக்கூடம் சென்று சேர்வார்கள்.