ஆகாயத்தில் ஒரு கருகல் வாசனை

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. ஆகவே விமானப் பயணம் நமக்குப் பழகிவிட்டது. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன்.

1998 செப்டம்பர் 2 இரவு, ஸ்விஸ் ஏர் 111 நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பியது. உள்ளே 229 பேர். சுமார் 53 நிமிஷம் கழித்து, 33,000 அடி உயரத்தில், விமானிகள் அறையில் லேசாக ஒரு வாசனை. ஏர் கண்டிஷனரிலிருந்து வருவதாக நினைத்தார்கள். சில நிமிஷங்களில் புகை தெரியவே, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் இறங்கத் தீர்மானித்தார்கள். உயரத்தைக் குறைக்க வேண்டும். எரிபொருளைக் கொட்டி எடையையும் குறைக்க வேண்டும். காரணம் தெரியாத புகைக்கென்று விதித்த சோதனைப் பட்டியல் வேறு. அதை முடிக்கவே 20 முதல் 30 நிமிஷம் ஆகும். ஆனால் முதல் வாசனை வந்த 21-வது நிமிஷம் விமானம் கடலில் விழுந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

கனடா அரசின் விசாரணை நான்கு வருஷத்துக்கு மேல் நடந்து, 2003-ல் அறிக்கை வந்தது. கூரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒயரில் தீப்பொறி கிளம்பி, வெப்பக் காப்புப் போர்வையின் மேலுறையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. சர்க்யூட் பிரேக்கர் ஏன் தடுக்கவில்லை? அளவுக்கு மீறிய கரண்ட் சற்று நேரம் தொடர்ந்து பாய்ந்து சூடேறினால்தான் அது விழும். விட்டு விட்டு வரும் பொறி அதற்குப் புலப்படாது. ஆனால் பொறியின் உஷ்ணமோ ஆயிரக்கணக்கான டிகிரி.

விமானிகள் மீது குற்றமில்லை. உடனே திரும்பியிருந்தாலும் பத்திரமாக இறங்கியிருக்க முடியாது என்பதே அறிக்கையின் முடிவு. மாற வேண்டியிருந்தது விதிமுறைதான். அந்தப் போர்வையை அகற்றும்படி அமெரிக்கா 2000-ல் உத்தரவிட்டது. இன்று விமானிகளுக்குக் கற்பிப்பது இதுதான்: முதலில் ஆக்ஸிஜன் முகமூடி, காரணம் தெரியாத புகையை நெருப்பென்றே கொள், விழுந்த பிரேக்கரை மறுபடி போட்டுப் பார்க்காதே, காரணம் தேடிக்கொண்டிராமல் அருகிலுள்ள விமான நிலையத்துக்குத் திரும்பு.

சர்க்கார் உத்தியோகத்தில் காரணம் கண்டறிந்த பிறகே நடவடிக்கை எடுப்போம். அதில் ஊறியவன் நான். நெருப்பு விஷயத்தில் அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

விமானத்தில் கருகல் வாசனை வந்தால் கூச்சப்படாமல் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். வீட்டிலும் அப்படியே. மெயின் சுவிட்சை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் மறக்காதீர்கள். விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். புகை கண்டால் எல்லோரும் முதலில் வெளியே வந்து, பிறகு 101-ஐ அழையுங்கள். எலெக்ட்ரீஷியன் நாளை வரலாம், அவசரமில்லை.