எழுதி வைத்த இசை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழாவில் அமெரிக்க நாட்டுப் பியானோ இசையைப் பற்றிப் பேசுவது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கல்வி என்பது வேலை தேடித் தரும் கருவி மட்டுமன்று. தம் மக்களின் படைப்பைத் தம் பெயராலேயே உலகுக்கு வழங்கும் ஆற்றலும் கல்வியால் வருவதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியானோவின் முன் தனியே அமர்ந்து வாசித்த கறுப்பினக் கலைஞர்களின் வரலாறு இவ்வுண்மையை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

அமெரிக்காவில் அடிமை முறை 1865 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னர் அடிமைகளின் உடலைப் போலவே அவர்களின் இசையும் ஆண்டைகளின் உடைமையாகக் கருதப்பட்டது. தென் கரோலினாவில் 1740 இல் இயற்றிய சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. முரசொலி கேட்டு அவர்கள் ஒன்றுகூடிக் கிளர்ந்தெழுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். பியானோவோ ஆண்டையின் கூடத்தில் வீற்றிருந்த கருவி.

அக்கருவியில் பெரும்புகழ் பெற்ற ஒருவர் ‘பிளைண்ட் டாம்’ என்று அழைக்கப்பட்ட தாமஸ் விக்கின்ஸ். 1849 இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர், கண்பார்வை அற்றவர். கேட்ட இசையை அப்படியே திருப்பி வாசிக்கும் ஆற்றல் பெற்றிருந்தார். அவருடைய அரங்குகளில் பணம் கொட்டியது. ஆனால் அடிமை முறை ஒழிந்த பின்னரும், பாதுகாவலர் என்ற பெயரால் அப்பணம் பிறர் கைக்கே சென்றது. 1908 இல் அவர் மறையும் வரை இந்நிலை மாறவில்லை. திறமை அவருடையது, பலன் பிறருடையது. திறமை ஒன்றே ஒருவரை விடுவித்துவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி நாம் ஸ்காட் ஜாப்ளினிடம் வருவோம். 1867, 1868 ஆம் ஆண்டுகளையொட்டி டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். தாய் வெள்ளையர் வீடுகளில் பணி செய்தவர். அவ்வீடுகளில் ஒன்றில் இருந்த பியானோவில் தம் மகன் பழகிக்கொள்வதற்குத் தாயே இசைவு பெற்றுத் தந்தார். சிறுவனின் ஆற்றலைக் கண்ட ஜூலியஸ் வைஸ் என்னும் ஜெர்மானிய யூத ஆசிரியர் கட்டணம் வாங்காமல் அவனுக்கு இசை கற்பித்தார். இளைஞரானபின் மிசௌரி மாநிலத்தின் செடாலியா நகரில், கறுப்பின மாணவர்களுக்கென நடைபெற்ற ஜார்ஜ் ஆர். ஸ்மித் கல்லூரியில் ஜாப்ளின் மேலும் பயின்றார். செவியில் இருந்த இசையைத் தாளில் எழுதும் வல்லமை அவருக்குக் கைவந்தது.

அவர் எழுதிய இசைக்கு ராக்டைம் என்று பெயர். கந்தலான தாளம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இடக்கை அணிநடையின் ஒழுங்கோடு, கீழ்ச் சுரம் ஒன்று, அதன்மேல் சுரக்கூட்டு ஒன்று என மாறி மாறித் தாளத்தைக் காக்கும். வலக்கையோ அத்தாளத்திற்குச் சற்று முன்னும் பின்னுமாக விழுந்து இன்னிசையைத் தொடுக்கும். இடக்கை இராணுவ அணிநடை இசையிலிருந்து வந்தது; வலக்கையின் துள்ளலோ ஆப்பிரிக்கத் தாள மரபின் வழித்தோன்றல். தடை செய்யப்பட்ட முரசு, ஆண்டையின் கூடத்துக் கருவிக்குள்ளேயே மீண்டும் ஒலித்தது என்று கூறினால் மிகையாகாது.

1899 ஆம் ஆண்டில் அவருடைய பியானோப் படைப்புகள் இரண்டு அச்சேறின. முதலாவது ‘ஒரிஜினல் ராக்ஸ்’. அதன் அட்டையில் ஜாப்ளினின் பெயரோடு, இசையை ஒழுங்கமைத்தவர் என்று வேறொருவர் பெயரும் அச்சிடப்பட்டது. இரண்டாவது ‘மேப்பிள் லீஃப் ராக்’. இம்முறை அவர் வழக்கறிஞர் ஒருவரின் துணையை நாடினார். ஜான் ஸ்டார்க் என்னும் பதிப்பாளரோடு ஆகஸ்டு 10 அன்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. விற்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு சென்ட் இயற்றியவருக்கு உரியது என்பது அதன் சாரம். இசைத்தாளின் விலையோ 50 சென்ட். சிறு தொகையை மொத்தமாகக் கொடுத்துப் படைப்பை வாங்கிக்கொண்டு, அதன்பின் இயற்றியவரைத் திரும்பியும் பாராத பதிப்பாளர்கள் மலிந்திருந்த காலம் அது. முதலாண்டில் விற்றவை ஏறத்தாழ 400 படிகளே. அவருக்குக் கிடைத்தது 4 டாலர். ஆனால் பத்தாண்டுகளுக்குள் விற்பனை 5 லட்சத்தை எட்டியதாக மதிப்பிடுவர். ஒரு சென்ட் என்பது சிறு காசுதான். எனினும் அடிமையாயிருந்தவரின் மகனுக்கு அது பிச்சையாக வரவில்லை, உரிமையாக வந்தது. அந்த வேறுபாட்டை நாம் நன்கு உணர்வோம்.

இவ்விசைக்கு எதிர்ப்பு இருபுறமும் இருந்தது. மதுக்கடைகளிலும் விலைமாதர் இல்லங்களிலும் வாசிக்கப்பட்டதால் இழிந்த இசை என்று மேற்குலத்தார் பழித்தனர். கறுப்பினப் பெரியோர் பலரும் அதனை வெறுத்தனர். பின்னாளில் புகழ்பெற்ற யூபி பிளேக் சிறுவனாக வீட்டில் ராக்டைம் வாசித்தபோது, இறைப்பற்று மிகுந்த அவருடைய தாயார், அவ்விசை வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டாராம். மானத்தோடு வாழ விழைந்த அத்தாயின் உள்ளம் நமக்குப் புரியாததன்று. பிறர் இழிவென்று சுட்டியதைத் தாமும் இழிவென்று நம்பிவிடுவது ஒடுக்கப்பட்டோர் அனைவருக்கும் நேரும் இடர்.

ஜாப்ளின் பழிப்பாரோடு வழக்காடிக் கொண்டிருக்கவில்லை. 1908 இல் ராக்டைம் பயில்வோருக்கென ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு பாடநூல் ஒன்றை வெளியிட்டார். இவ்விசை கடினமானது, முறையாகக் கற்க வேண்டியது, விரைந்து வாசிக்கத் தகாதது என்று அறிவுறுத்தினார். இழிந்தது என்று பிறர் சொன்னதைப் பாடமாக்கினார். இதுவே அவர் தந்த மறுமொழி.

எழுதாத கலையின் கதி என்ன என்பதற்கு அவர் நண்பர் லூயி ஷோவின் எடுத்துக்காட்டு. செயிண்ட் லூயி நகரின் பியானோ வல்லுநர்களுள் தலைசிறந்தவர் என்று உடனிருந்தோரால் போற்றப்பட்டவர். எனினும் தம் இசையை எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. 1908 இல், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். பியானோவுக்கென அவர் பெயரில் அச்சேறி எஞ்சியிருப்பது ‘ஹீலியோட்ரோப் பொக்கே’ ஒன்றே. அதுவும் ஜாப்ளின் உடனிருந்து எழுதி, இருவர் பெயரிலும் 1907 இல் வெளிவந்ததனால் பிழைத்தது. மற்றவையெல்லாம் அவருடைய விரல்களோடு மண்ணுக்குள் சென்றன.

ஜாப்ளினின் பெருங்கனவு ‘ட்ரீமனிஷா’ என்னும் இசை நாடகம். அதன் கதை 1884 இல், கறுப்பின மக்கள் வாழும் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. மரத்தடியில் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தைக்குக் கல்வி வேண்டும் என்று வளர்ப்புப் பெற்றோர் விரும்புகின்றனர். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டில் தாய் துணி துவைக்கிறார், தந்தை விறகு வெட்டுகிறார். கூலிக்கு மாற்றாக அப்பெண்மணி குழந்தைக்கு எழுத்தறிவிக்கிறார். வளர்ந்த அப்பெண் மந்திர தந்திரத்தால் மக்களை ஏய்ப்போரை எதிர்த்து நிற்கிறாள். அவர்கள் அவளைக் கடத்திச் செல்கின்றனர். மீட்கப்பட்ட பின்னர் அவர்களையும் மன்னிக்கிறாள். முடிவில் ஊரார் அவளையே தலைவியாக ஏற்கின்றனர். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை உறுதிப்பட்டது 1920 இல்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பதிப்பாளர் கிடைக்காமையால் பியானோவுக்கும் குரலுக்குமாக எழுதிய அந்நூலை, 230 பக்கங்களில், 1911 இல் தம் சொந்தச் செலவிலேயே அச்சிட்டார். அதனை முழு அளவில் மேடையேற்றும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. நோயுற்று, 1917 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கில் மனநல மருத்துவமனை ஒன்றில் உயிர் துறந்தார். 1974 வரை அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை.

அவருக்குப் பின் ஹார்லெமில் ஜேம்ஸ் பி. ஜான்சன் தோன்றினார். கறுப்பினத்தார் என்பதற்காகவே மிகுதியான வாடகை வாங்கப்பட்ட அப்பகுதியில், வாடகைப் பணம் திரட்டவே மக்கள் வீடுகளில் விருந்து நடத்தி நுழைவுக் கட்டணம் பெறுவர். விடிய விடிய இசைப்பவர் பியானோக் கலைஞர் ஒருவரே. அவர் இடக்கையே குழு முழுவதற்கும் ஈடு. ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’ தானியங்கிப் பியானோவுக்குரிய துளையிட்ட காகிதச் சுருளாகவும் வெளிவந்தது. இளைஞரான டியூக் எலிங்டன் அச்சுருளை மெதுவாக ஓடவிட்டு, தாமாக அமிழும் கட்டைகளின் மேல் தம் விரல்களை வைத்து அதனைக் கற்றுக்கொண்டார். நேரில் ஆசான் இல்லாதபோது காகிதமே ஆசானாயிற்று.

ஜாப்ளினின் காகிதங்களும் வீண்போகவில்லை. 1970 இல் ஜோஷுவா ரிஃப்கின் என்னும் கலைஞர் அவருடைய படைப்புகளை இசைத்தட்டாக வெளியிட்டார். 1972 இல் அட்லாண்டா நகரில் ‘ட்ரீமனிஷா’ மேடையேறியது. 1902 இல் எழுதிய ‘தி என்டர்டெயினர்’, 1973 இல் வந்த ‘தி ஸ்டிங்’ என்னும் திரைப்படத்தால் உலகெங்கும் ஒலித்தது. 1976 இல் புலிட்சர் சிறப்புப் பரிசு அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. இயற்றியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகும் வேளையில் இவ்வளவும் நிகழ்ந்ததென்றால், ஒவ்வொரு சுரமும் அவர் கையால் எழுதப்பட்டு அவர் பெயரால் அச்சிடப்பட்டிருந்தமையே காரணம்.

இன்னொன்றையும் இங்கே நினைவுகூர விரும்புகிறோம். நம் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஹார்லெம் பகுதியை அடுத்து அமைந்தது அப்பல்கலைக்கழகம். அதே ஆண்டுகளில் அதே நகரில், கல்வியால் விடுதலை பெறும் மக்களின் நாடகத்தைக் கையில் ஏந்தி ஜாப்ளின் அலைந்துகொண்டிருந்தார். இருவரும் சந்தித்தனர் என்று நாம் கூற வரவில்லை. எழுத்தைக் கைக்கொண்டாலன்றி விடுதலை நிலைக்காது என்ற ஓர் உண்மையை, வெவ்வேறு வழிகளில் வந்து இருவரும் கண்டனர் என்பதே நம் கருத்து.

இளைஞர்களே! இந்தக் கழகம் உங்களுக்குத் தந்த எழுத்தை விண்ணப்பம் நிரப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். நம் முதியோரிடம் உள்ள பாட்டையும் தொழில் நுட்பத்தையும் அவரவர் பெயரோடு எழுதி வையுங்கள். உங்கள் உழைப்புக்கு ஒருவர் தாள் நீட்டினால், அதனை முழுவதும் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.