மராத்தானுக்கு மறுநாள்

(சித்திரை முதல் நாள் நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"மராத்தான் ஓடிய அனுபவத்தைச் சொல்லுங்க சார், பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கும்" என்று செயலாளர் கேட்டார். காலெல்லாம் செம்மண்ணோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அந்தப் படத்துக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அடுத்த பிப்ரவரியில் ஓடப்போவதாக நம் குடியிருப்பில் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் ஓடியது ஆரோவில் மராத்தான். 2008-இல் தொடங்கியது; நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, காட்டுக்கு நடுவே செம்மண் பாதையில் நடக்கிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஓடுகிற மகிழ்ச்சிக்காக ஓட வேண்டும், அவ்வளவுதான். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஏற்ற போட்டி என்று நினைத்துச் சேர்ந்தேன். முந்தின வருடம் அரை மராத்தான் ஓடியிருந்தேன். நம் பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் விடியற்காலையில் நான் ஓடுவதைப் பார்த்து, "பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று கேட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள்!

"இந்த வயசுல இது தேவையா?" என்றும் கேட்டீர்கள். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 2000-இல் லண்டன் மராத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89 என்பார்கள். வயது ஒரு தடையில்லை. ஆனால் வயது ஒரு கணக்கு. அந்தக் கணக்கில்தான் நான் கோட்டை விட்டேன்.

மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். என் எடை 65 கிலோ. மொத்தச் செலவு சுமார் 2,700. தசையிலும் ஈரலிலும் நாம் சேர்த்து வைக்கும் மாவுச்சத்துக் கையிருப்பு ஏறக்குறைய 2,000. பற்றாக்குறை எங்கே வரும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். முப்பதாவது கிலோமீட்டர் தாண்டியதும் எனக்குக் கால் கல்லாகிவிட்டது. கொழுப்பிலிருந்து சக்தி கிடைக்கும், ஆனால் மெதுவாகத்தான் கிடைக்கும். அதனால்தான் வழியிலேயே வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் என்று ஏதாவது சாப்பிட்டுக்கொண்டே போகவேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தப்பு. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரை கொண்டுபோய்விடும்.

ஓடியும் நடந்தும் முடித்தேன். ஏறக்குறைய ஆறு மணி நேரம். அன்று வலியே இல்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. இரண்டாம் நாள் இன்னும் மோசம். அன்று பார்த்து மின்தடை, லிஃப்ட் இல்லை. மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமையாக இருந்தது. கடைசியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினேன். காவலாளி பயந்து ஓடிவந்தார்.

இதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போதுதான் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு கிழிசல்கள் அதிகம் விழுகின்றன. ஓட்டத்தில் விழுந்த கிழிசலை உடம்பு தைத்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அதே வேலையைக் கொடுத்தால் வலிக்கத்தானே செய்யும். "லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு, நல்லா அமுக்கிவிடணும்" என்று சிலர் சொன்னார்கள். அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே போய்விடும். மறுநாள் வலிக்கு அது காரணமில்லை. மெதுவான நடை, நல்ல தூக்கம், பருப்பு, முட்டை, இதுதான் மருந்து. ஓடும்போதும் ஓடிய உடனேயும் வலி மாத்திரை போடாதீர்கள். உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

நான்காம் நாள் தசைவலி பெரும்பாலும் போய்விட்டது. ஒன்று மட்டும் போகவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், கட்டைவிரல் அளவு இடத்தில் ஒரு வலி. இரவில் படுத்திருக்கும்போதும் இருந்தது. மனைவி கேட்டாள். "ஒண்ணுமில்லை, மராத்தான் வலிதான்" என்றேன். உண்மை என்னவென்றால், குழுவில் அத்தனை பாராட்டு வந்தபிறகு கால் சரியில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். எட்டாம் நாள் பிள்ளைகளோடு ஓடுவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். ஓடினேன். மூன்றாவது சுற்றில் காலை ஊன்ற முடியவில்லை.

எலும்பில் நுண்முறிவு என்றார் மருத்துவர். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஆறு வாரம் ஓய்வு. அவர் கேட்ட ஒரே கேள்வி: "கடைசி ரெண்டு மாசத்துல தூரத்தைத் திடீர்னு கூட்டினீங்களா?" கூட்டியிருந்தேன். நவம்பரில் மழையாலும் கல்யாணங்களாலும் விட்டுப்போன ஓட்டத்தை ஈடுகட்ட, வாரம் 30 கிலோமீட்டராக இருந்ததை டிசம்பரில் ஒரேயடியாக 45 ஆக்கினேன். மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கு அதிக நாள் வேண்டும்.

அந்த ஆறு வாரமும் தண்ணீர் கேனைத் தூக்கியதும், காஸ் சிலிண்டரை நகர்த்தியதும் என் மனைவிதான். ஒரு நாள்கூட "நான் அப்பவே கேட்டேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகவே, ஓடப்போகும் மூவருக்கும் நான் சொல்வது இதுதான். இரண்டு காலிலும் பரவலாக இருந்து, மூன்றாம் நாளுக்குப் பிறகு தினமும் குறையும் வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே காலில், ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி நிற்கும் வலியைப் பொறுக்காதீர்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, நெஞ்சில் வலியோ மயக்கமோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் முதல் காலையில் நம் வளாகத்துக்குள்ளேயே மெதுவாக நடக்கிறேன். ஐந்தரை மணிக்கு. மூவரும் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். இந்தமுறை தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம்.