அன்னையும் குழந்தையும் இல்லாத சித்திரம்



இத்தாலி நாட்டின் ஃபிளாரென்ஸ் நகரிலுள்ள உஃபிஸி காட்சிச்சாலையில் ஒரு சிறு தாள் காக்கப்பட்டு வருகிறது. அகலம் 29 சென்டிமீட்டர். உயரம் 16 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அலுவலகக் கோப்பு ஒன்றினுள் அடங்கிவிடும். லியொனார்டோ டா வின்சி 1481-ஆம் ஆண்டளவில் பேனாவும் பழுப்பு மையும் கொண்டு அதில் வரைந்திருக்கிறார்.

குழந்தை இயேசுவைக் கீழ்த்திசை ஞானியர் வணங்கும் காட்சிக்கு அது முன்வரைவு. விண்மீன் வழிகாட்ட, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் ஏந்தி அவர்கள் பெத்லகேமுக்கு வந்த வரலாற்றை மத்தேயு சுவிசேஷம் கூறுகிறது. ஆனால் இத்தாளில் அன்னையும் இல்லை, குழந்தையும் இல்லை!

வேறு என்னதான் இருக்கிறது? தரை இருக்கிறது. அளவுகோல் வைத்து, நெருக்கமாக, சலியாமல் இழுத்த கோடுகள். தொலைவிலுள்ள ஒரே புள்ளியை நோக்கி அவை ஓடுகின்றன. இடிந்த மாளிகையின் படிக்கட்டுகள், அவற்றின்மேல் நிழல்போன்ற மனிதர்கள், துள்ளும் குதிரைகள், கால் மடக்கிப் படுத்த ஓர் ஒட்டகம். கோடுகள் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. உயிர்களோ கை போன போக்கில் பிறந்தவை. வணங்கப்படுவோர் வருமுன்னரே அவர்கள் வரவேண்டிய உலகத்தை ஓவியர் அளந்து வைக்கிறார். பக்தி மிகுந்த பல சித்திரங்களைவிட இந்தக் காத்திருப்பு என்னை அதிகம் கவர்கிறது.

ஓவியத்தைக் கேட்டவர்கள் ஸான் டொனாட்டோ மடத்துத் துறவிகள். 24 அல்லது மிஞ்சினால் 30 மாதங்களில் முடிக்கவேண்டும் என்பது உடன்படிக்கை. லியொனார்டோ முடிக்காமலே மிலான் நகருக்குப் போய்விட்டார். துறவிகள் 1496-இல் ஃபிலிப்பினோ லிப்பியிடமிருந்து வேறோர் ஓவியம் பெற்றனர். அவர்கள் பொறுமையும் பெரிதுதான்.

நான் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் இருப்பவன். சுத்தப்பிரதி கோப்புக்குப் போகும். அடித்துத் திருத்திய தாள் குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு சொல்லை ஏன் முதலில் எழுதினேன், பின் ஏன் விட்டேன் என்பதை மறுவாரம் நானே அறியேன். ஆகவேதான் ஐந்து நூற்றாண்டு கடந்து நிற்கும் இத்தாளின்மேல் எனக்குச் சிறிது பொறாமை.

முற்றுப்பெறாத அந்தப் பெரிய பலகை ஓவியமும் உஃபிஸியிலேயே இருக்கிறது. 2012 முதல் 2017 வரை அதைச் செப்பனிட்டார்கள். அதில் அன்னை குழந்தையுடன் நடுவே அமர்ந்திருக்கிறாள். பின்னே அதே படிக்கட்டுகள். அத்தனை பாடுபட்டுக் கோடிட்ட தரையைத்தான் காணோம். வெறும் மண்ணும் பாறையுமாகிவிட்டது. அதைப் பார்க்க இச்சிறு தாளிடம்தான் வரவேண்டும்.