வலவனும் விருந்தும்



அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ ஞாயிற்றுக்கிழமை விடியலில் கதவைத் திறப்போர் இக்காட்சியைக் கண்டிருப்பர். வாசலில் சொந்தக் கார் நிற்கும். உள்ளே புளிச்சோறு கட்டும் மணமும் பிள்ளைகளின் ஆரவாரமும். கேட்டுக்கு வெளியே, தேய்த்த சட்டை அணிந்த ஒருவர் கைப்பேசியில் வீட்டு எண்ணைச் சரிபார்த்தபடி நிற்பார். அவர் அவ்வீட்டார்க்கு உறவினர் அல்லர்; மாத ஊதியம் பெறுபவரும் அல்லர். மாமல்லபுரம் சென்று திரும்பும் அந்த ஒரு பகலுக்கு மட்டும் அழைக்கப்பட்டவர். மக்கள் வழக்கில் அவர்க்கு ‘ஆக்டிங் டிரைவர்’ என்று பெயர்.

அப்பெயரே எண்ணிப் பார்த்தற்குரியது. உரிய ஓட்டுநர் வராத நாளில் அவர்க்கு மாற்றாக வருபவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இன்றோ, உரிய ஓட்டுநர் என்று ஒருவர் எக்காலத்தும் இருந்திராத வீடுகளிலும் அதுவே வழங்குகிறது. இல்லாத ஒருவர்க்கு மாற்றாளாகவே ஒரு மனிதர் தம் தொழிற்பெயரைச் சுமக்கிறார்.

இப்பொழிவு எழுப்பும் வினா மிகச் சிறியது. அந்த மனிதர் நண்பகலில் எங்கே உண்கிறார்?

இவ்வினாவை எழுப்பத் தகுந்த மண் இது. சென்னையின் மேற்கெல்லை சக்கரங்களால் வளர்ந்தது. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது; பின்னர் அவ்வூரிலேயே டயர் ஆலை வந்தது; 1960களில் ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் விஜயந்தா பீரங்கி ஊர்திகள் உருவாயின; 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆலைகளுக்கு அருகே குடியேறியோரின் அடுத்த தலைமுறை கார் வாங்கிற்று. கார் வாங்கியோர் அனைவரும் நெடுஞ்சாலையில் ஓட்டத் துணிவதில்லை. துணிந்தாலும் விடுமுறை நாளில் ஓட்ட விரும்புவதில்லை. அவ்விடைவெளியில் பிறந்ததே ஒருநாள் ஓட்டுநர் என்னும் தொழில். வாடகைக் கார் வேறு. அதற்கு மஞ்சள் எண்பலகையும் அனுமதிச்சீட்டும் வேண்டும். வெள்ளை எண்பலகைக் காரை வாடகைக்கு ஓட்டுதல் சட்டத்திற்குப் புறம்பு. ஒருநாள் ஓட்டுநரோ கையில் உரிமமும் பையில் ஒரு துண்டும் மட்டுமே கொண்டு வருபவர். ஊர்தி உரியவருடையது, திறன் மட்டுமே இவருடையது.

திறன் என்ற சொல் வந்தமையால் ஒரு செய்தி. சங்கச் செய்யுட்களில் தேரோட்டிக்குப் பாகன் என்றும் வலவன் என்றும் பெயர்கள் உண்டு. வலவன் என்பதற்குத் திறமையுடையவன் என்பதும் ஒரு பொருள். மாற்றாள் என்று பொருள்படும் இன்றைய பெயரையும் வல்லான் என்று பொருள்படும் அன்றைய பெயரையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

ஆயினும் அக்காலத்தை அளவிறந்து போற்றிவிடலாகாது. முல்லைத்திணைப் பாடல்களில் தலைவன் பாகனிடம் பேசிக்கொண்டே இருக்கிறான். மழைக்காலம் வந்துவிட்டது, அவள் காத்திருப்பாள், விரைந்து செலுத்துக என்கிறான். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லையின் 49ஆம் பத்திற்குத் தேர்வியங்கொண்ட பத்து என்றே பெயர். தலைவன் பாகனிடம் கூற்று நிகழ்த்தும் இடத்தைத் தொல்காப்பியக் கற்பியலும் சுட்டுகிறது. ஆனால் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் எனத் தொடங்கும் பன்னிரு வாயில்களின் பட்டியலில் பாகன் இல்லை. கேட்பவனாக அவன் இருந்தான். சொல்பவனாக அவனுக்கு இடம் வகுக்கப்படவில்லை. இன்றும் காரின் முன்னிருக்கையில் இருப்பவர் கேட்பவரே. பின்னிருக்கையில் நிகழும் நிலப்பூசல், மருத்துவச் செய்தி, மருமகள் குறை அனைத்தும் அவர் காதில் விழும். எதற்கும் அவர் முகம் திருப்பக்கூடாது என்பது எழுதாத விதி.

இன்னும் ஒன்று. அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் தாதுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நா ஒலியாதபடி கட்டி வருகிறான். தமிழர் அருளுணர்வுக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் இடம் இது. அந்த நாவைக் கட்டிய கை யாருடையது என்று எவரும் வினவுவதில்லை. தேருக்கு உரியவனே தேரின் அருளுக்கும் உரியவனாகிவிடுகிறான்.

மாமல்லபுரச் செலவுக்குத் திரும்பலாம். ஆவடிப் பக்கத்திலிருந்து செல்வோர்க்கு இன்று வெளிவட்டச் சாலை உண்டு. வண்டலூரிலிருந்து மீஞ்சூர்வரை 62 கிலோமீட்டர் நீளும் அச்சாலையின் வண்டலூர்–நெமிலிச்சேரிப் பகுதி 2014இல் திறக்கப்பட்டது. வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகக் கடற்கரையை அடைந்துவிடலாம். அதற்கு முன்னர் பூவிருந்தவல்லி, குன்றத்தூர், பல்லாவரம் என்று ஊர்களுக்குள் புகுந்து செல்லவேண்டும். அக்கால ஓட்டுநர் வழிகாட்டியும் ஆவார். பூவிருந்தவல்லியில் இது திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்பார். குன்றத்தூரில் வண்டியின் விரைவைக் குறைத்துச் சேக்கிழார் ஊர் என்பார். எந்தக் கடையில் இட்லி நன்றாயிருக்கும், எந்த வளைவில் மாடு குறுக்கிடும் என்பதும் அவர்க்குத் தெரியும். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. இதே தொண்டை நாட்டு வழிகளைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் சுங்கம் கொள்ளும் பெருவழியும் உண்டு. அதன் காவலரும் உண்டு. அந்நூல் கூறும் நீர்ப்பெயற்றுத் துறையே மாமல்லபுரம் என்று கருதும் ஆய்வாளரும் உளர். வெளிவட்டச் சாலையின் சுங்கச்சாவடியில் நின்று அந்நூலை நினைப்பது தமிழ் படித்தோர்க்கு வாய்க்கும் ஒரு சிறு இன்பம்.

இன்று வழி சொல்லும் பணியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டது. 200 மீட்டரில் இடப்புறம் திரும்புக என்று அது சொல்ல, ஓட்டுநர் திருப்புகிறார். அவர் அறிந்த குறுக்கு வழியைச் சொன்னால், ‘மேப் இப்படித்தானே காட்டுது’ என்று பின்னிருக்கை மறுக்கிறது. அறிவு கையைவிட்டுப் போயிற்று. எஞ்சியது காலும் கையும் மட்டுமே. முன்பெல்லாம் ஊர்ப் பேச்சில் தொடங்கிய உறவும் அத்துடன் குறைந்தது. விந்தை என்னவெனில், இக்காலத்தில் ஓட்டுநரின் பெயரும் படமும் அவர் வருமுன்பே கைப்பேசியில் வந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் நாள் முழுவதும் அவரை ‘டிரைவர்’ என்றே விளிக்கின்றனர். சில வீடுகளில் ‘அண்ணே’ என்பர். இளையவராயின் ‘தம்பி’ என்பர். அவை அன்பின் விளிகளே. எனினும் பத்து மணி நேரம் உடனிருந்த ஒருவரின் பெயர் மாலையில் எவர் நினைவிலும் இருப்பதில்லை.

முற்பகலில் மாமல்லபுரம். ஐந்து இரதங்களுக்கு முன் குடும்பம் நிழற்படம் எடுத்துக்கொள்கிறது. பல்லவர் ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைப் பாறைகளிலிருந்து செதுக்கிய அக்கோயில் வடிவங்களுக்குத் தருமன், வீமன், அருச்சுனன், நகுல சகாதேவர், திரௌபதி என்னும் பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் இட்டவை. தேர் என்ற பெயர்தான். சக்கரமும் இல்லை, குதிரையும் இல்லை. பார்த்தனுக்குத் தேரோட்டியவன் பெயரால் அங்கே ஓர் இரதமும் இல்லை. சற்றுத் தள்ளிக் கிருட்டிண மண்டபத்தில் அவன் மலையை ஏந்தி நிற்கிறானே தவிரக் கடிவாளம் ஏந்தவில்லை. திருவல்லிக்கேணியில் தேரோட்டி என்னும் பெயரோடேயே அவனை வழிபடும் நகரத்தவர், தம்மை அழைத்துவந்தவரை வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு இக்கல் தேர்களைக் காணச் செல்கின்றனர்.

வண்டி நிறுத்துமிடம் தனி உலகம். கார்க் கதவைத் திறந்து வைத்து, இருக்கையைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உறங்குவோர் சிலர். விடியல் ஐந்து மணிக்கு அம்பத்தூரில் நிற்கவேண்டுமாயின் மூன்றரைக்கே எழுந்திருக்க வேண்டும். வண்டியில் பெட்ரோல் வீணாகும் என்று குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுச் செல்லும் உரிமையாளரும் உண்டு. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால் ஓட்டுநரின் பணிநாள் பதினேழு மணி நேரம். 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, நெடுந்தொலைவாயின் 10 மணி நேரம், இடைவேளைகள் உட்பட மொத்தம் 12 மணி நேரத்திற்கு மேற்படாமை, 5 மணி நேரத்திற்குள் அரைமணி ஓய்வு என்று வகுத்தது. ஆயினும் ஐவரேனும் பணிபுரியும் போக்குவரத்து நிறுவனங்களுக்கே அது பொருந்திற்று. ஒரு வீட்டிற்கு ஒரு நாள் வரும் தனியொருவரை அவ்வரம்பு தொடவில்லை. அமைப்புசாரா ஓட்டுநர்க்கு நல வாரியம் உண்டு. அது விபத்திற்கும் முதுமைக்கும் உதவலாம். பகல் ஒரு மணிக்கு உறக்கம் வரும் கண்ணுக்கு உதவாது. இதில் இரக்கம் மட்டும் அன்று, தன்னலமும் அடங்கியுள்ளது. திரும்பும் வழியில் பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளின் உயிர் அந்தக் கண்களைச் சார்ந்தது.

இனி அச்சிறிய வினா. குடும்பம் உணவகத்துள் நுழைகிறது. ஓட்டுநர் வரவில்லை. ‘பேட்டா கொடுத்தாச்சே’ என்பது வழக்கமான விடை. பேட்டா என்பது உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் கூலிக்கு மேல் தரும் பணம். அதனைக் கொடுப்பது முறை, கொடாதார் பழிக்கத்தக்கவர். ஆனால் அப்பணம் மெல்ல வேறொரு பொருளையும் ஏற்றுக்கொண்டது. உடன் அமர்ந்து உண்ணாமைக்கான விலை அது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஓட்டுநர் பலர் தனித்துண்ணவே விரும்புவர் என்பர். அதில் உண்மை உண்டு. முன்பின் அறியாத குடும்பத்தின் நடுவே, எதைக் கேட்பது எதை விடுவது என்று தயங்கி உண்பதைவிடத் தெருமுனைக் கடையில் மீன்குழம்பு ஊற்றி உண்பது இனிது. ஒரு மணி நேரம் எவர்க்கும் ‘சரிங்க சார்’ என்று சொல்லாதிருப்பதே ஓர் ஓய்வு. ஆகவே எல்லாரையும் இழுத்துவந்து உடன் அமர்த்துக என்பது அன்று கருத்து. அழைப்பு வேண்டும், மறுக்கும் உரிமை அவரிடம் இருக்கவேண்டும். அழைக்கப்படாதவர் மறுக்கவும் இயலாது.

புறநானூற்றின் 279ஆம் பாடலால் அவையோர் நன்கறிந்த ஒக்கூர் மாசாத்தியார், அகநானூற்றின் 384ஆம் பாடலில் இவ்விடத்தைத் தொட்டிருக்கிறார். வேந்தன் தந்த பணி முடிந்து தலைவன் தேரேறுகிறான். ஏறியதுதான் அவனுக்குத் தெரியும். வந்த வழி தெரியவில்லை. முல்லை நிலமும் சிற்றூர்களும் கடந்து வீட்டு வாயில் வந்துவிட்டது. வலவன் இறங்குமாறு கூறுகிறான். பாட்டு முழுவதிலும் அவனுக்கு உள்ள பேச்சு அந்த ஒரு சொல்தான். தலைவன் மருண்டு போகிறான். காற்றைத்தான் பூட்டினாயோ, உன் மனத்தையே குதிரை வடிவாக்கிப் பூட்டினாயோ, சொல் என்று கேட்கிறான். கேட்டுவிட்டு அவனை மார்புறத் தழுவி வீட்டிற்குள் அழைத்துச் செல்கிறான். மனைவி விருந்தின் பொலிவைப் பெற்றாள் என்று பாட்டு முடிகிறது.

அவ்விருந்து வலவனுக்கோ, நெடுநாள் கழித்து வந்த கணவனுக்கோ என்று இங்கே வினவலாம். இரண்டிற்கும் பாட்டு இடம் தருகிறது. எவ்வாறு கொண்டாலும் வலவன் வாயிலில் நின்றுவிடவில்லை. பிரிவு தீர்ந்து தலைவியை முதலில் தழுவவேண்டிய நேரத்தில் தேரோட்டியைத் தழுவும் ஒரு தலைவனை ஒரு பெண்பாற்புலவர் படைத்தார். பாகனை ஏவும் தலைவர் பலர் உலவும் முல்லைத்திணையில், பாகனிடம் வியந்து நிற்கும் இவன் தனித்துத் தெரிகிறான். விரைந்து செலுத்து என்று சொன்னவர்கள் வழியெல்லாம் வீட்டை நினைத்தார்கள். இவன் வந்து சேர்ந்தபின் வந்த விதத்தை நினைத்தான்.

இற்றைக் கவிஞர்களின் பயணக் கவிதைகளில் சன்னல் உண்டு, மழை உண்டு, பின்னோடும் மரங்கள் உண்டு. ஸ்டியரிங்கைப் பற்றிய கை அருகியே காணப்படுகிறது. ஆட்டோ ஓட்டுநரைத் திரைப்படம் ‘பாட்சா’ வந்த 1995க்கு முன்னும் பின்னும் பாட்டாலேயே போற்றிற்று. ஒருநாள் ஓட்டுநர்க்கு அந்தப் பாட்டும் இல்லை. இலக்கிய வட்டங்களும் இதற்கு விலக்கல்ல. விழா மலர்களின் நன்றிப் பக்கத்தில் ‘வாகன உதவி’ என்று ஒரு வரி இருக்கும். அதன் எதிரே அச்சாவது வண்டிக்கு உரியவரின் பெயர். வண்டுக்கு அஞ்சி மணிநாவைக் கட்டிய பெருமை தேருடையானுக்கே சேர்ந்தது போன்றதே இதுவும்.

இரவு பத்தரை. அம்பத்தூரில் கார் வீட்டுமுன் நிற்கிறது. ‘வந்துட்டோம் சார், இறங்குங்க’ என்கிறார் ஓட்டுநர். உறங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் இறங்குகிறார். சாவி கைமாறுகிறது; பணமும் எண்ணித் தரப்படுகிறது. பட்டாபிராம் பக்கம் செல்லும் மின்தொடர் வண்டியைப் பிடிக்க அவர் நடக்கத் தொடங்குகிறார். இத்தெருக்களில் எப்போதேனும் ஒரு வீட்டில் ஒரு பெண் கேட்டருகே வந்து, ‘அண்ணே, மாவு இருக்கு, ரெண்டு தோசை ஊத்தறேன், உள்ள வந்து சாப்பிட்டுப் போங்க’ என்பதுண்டு. ‘பரவாயில்லம்மா, டிரெயின் போயிடும்’ என்பார் அவர். ‘அடுத்த டிரெயின் இருக்கு’ என்பாள் அவள். அவர் ஒரு கணம் தயங்குவார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றுவார்.