வேடம் கழன்ற கணம்

ஊர்காவற்றுறைத் துறையிலே நின்று நோக்குவோர்க்குக் கடல் நடுவே ஒரு கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, பின்னர் ஒல்லாந்தர் கைப்பட்ட அக்கோட்டையை ஊரவர் கடற்கோட்டை என்று வழங்குவர். பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்குப் போய்வந்த காலத்தில் இவ்வூர் யாழ்ப்பாணத்தின் வாயில்போல விளங்கிற்று. இத்தகைய கடற்கரை ஊர்கள், பகலெல்லாம் வலையோடும் தோணியோடும் போராடிய மக்கள், இரவிலே அரசராகவும் மந்திரியாகவும் மாறிய ஊர்களுமாகும். அம்மாற்றத்தைச் செய்தது நாட்டுக்கூத்து.

கூத்து ஆடுவது என்பது ஓரிரவுச் செயலன்று. அண்ணாவியார் கொப்பியைக் கையிலெடுத்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று வகுத்துக் கொடுத்த நாள் தொடங்கி, மாதக்கணக்கில் பழக்கம் நடைபெறும். தொழில் முடிந்து வந்த இளைஞர் இரவிரவாகப் பாட்டையும் ஆட்டத்தையும் பயில்வர். அரங்கேறும் நாளிலே கட்டியகாரன் வந்து அரசன் வரவு கூற, மத்தளமும் தாளமும் முழங்க, முந்திய நாள் சந்தையில் மீன் விற்றவன் முடி சூடி அரங்கிலே தோன்றுவான். விடியும்வரை ஆட்டம் நடக்கும். கத்தோலிக்க மக்களின் நெடுங்கூத்துக்களிலே இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரே பாத்திரத்தை ஒருவருக்குப்பின் ஒருவராகப் பலர் ஏற்று ஆடுவர். முதலில் வந்த அரசன் களைத்து உள்ளே போக, அதே அரசனாக வேறொருவன் வெளியே வருவான். வேடம் ஒன்றே, அதனுள் புகும் ஆட்கள் பலர். பார்த்திருப்போர்க்கு இதில் எவ்வித மயக்கமும் உண்டாவதில்லை.

இவ்வாறு ஓரிரவு முழுவதும் நூற்றுக்கணக்கான பாட்டுக்களோடு நடந்த கூத்தைக் கண்ட ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதை நினைவுகூரும்போது என்ன சொல்கின்றார்? கதை முழுவதையும் சொல்வதில்லை. பாட்டுக்களில் பெரும்பாலானவை மறந்துபோயிருக்கும். ஆயினும் ஏதோ ஓர் இடம், ஒரு கணம், அவர் நெஞ்சில் நேற்று நடந்ததுபோல நிற்கும். மற்றவையெல்லாம் கரைந்துபோக, அவ்வொன்று மட்டும் கரையாமல் நிற்பதற்குக் காரணம் யாது? இதுவே ஆராயத்தக்க வினா.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களிலே ஆடப்பட்டுவந்த கூத்துக்களுள் எஸ்தாக்கியார் நாடகமும் ஒன்று. எஸ்தாக்கியார் உரோமைச் சக்கரவர்த்தியின் படைத்தலைவர். வேட்டைக்குப் போன இடத்திலே மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்பியவர். அதன்பின் அவருக்குச் சோதனைகள் தொடங்குகின்றன. செல்வம் அழிகின்றது. மனைவியோடும் இரு புதல்வரோடும் கப்பலேறுகின்றார். கூலி கொடுக்கக் கையிலே பொருளில்லை. கப்பற்காரன் கூலிக்கு ஈடாக மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றான். பிள்ளைகளோடு கரையேறி நடந்தவர் ஓர் ஆற்றை அடைகின்றார். இருவரையும் ஒருங்கே தூக்கிச் செல்ல இயலாது. ஒரு பிள்ளையை அக்கரையில் விட்டு, மற்றப் பிள்ளையை அழைத்துவரத் திரும்புகின்றார். நடு ஆற்றிலே நிற்கும்போது ஒரு கரையிலே சிங்கமும் மறு கரையிலே ஓநாயும் வந்து பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு ஓடுகின்றன.

கூத்தரங்கிலே ஆறு இல்லை. நீரும் இல்லை, கரையும் இல்லை. ஆடுபவனுடைய காலும் குரலுமே ஆற்றையும் கரையையும் உண்டாக்க வேண்டும். ஆயினும் கடலோடும் மக்களுக்கு அந்த ஆற்றைக் காண்பது கடினமன்று. தோணிக் கூலியின் அருமையும், இரு கரைகளுக்கு நடுவே நிற்பவனின் தவிப்பும் அவர்கள் அறிந்தவை. கதையின் முடிவிலே குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்கின்றது. இறுதியில் எல்லாரும் வேதசாட்சிகளாக உயிர் துறக்கின்றனர். எனினும் கண்டவர் மனத்திலே தங்குவது அம்முடிவுகளன்று; நடு ஆற்றில் நின்ற தகப்பனே.

இதனோடு இன்னொரு காட்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார். அவர் 1989 ஆம் ஆண்டில் மறைந்தார். இது கூத்தன்று, இசை நாடகம். ஆயினும் யாழ்ப்பாணத்து மக்கள் கூத்தைப் போலவே இதனையும் விடிய விடியக் கண்டு மகிழ்ந்தனர். பாம்பு தீண்டி இறந்த மைந்தனைச் சுமந்து சந்திரமதி சுடலைக்கு வருகின்றாள். சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கின்றான். கொடுக்க ஒன்றுமில்லை என்கின்றாள். கழுத்திலே தாலி இருக்கின்றதே, அதை விற்றுக் கொடு என்கின்றான். கணவன் கண்ணுக்கன்றி வேறெவர் கண்ணுக்கும் புலப்படாத தாலி அது. நிற்பவன் யார் என்பது அவளுக்கு அப்பொழுதுதான் விளங்குகின்றது. தன் மகனே மாண்டு கிடக்கின்றான் என்பதை அறிந்த பின்னரும் அவன் கூலியை விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்தால் ஒரு பொதுத்தன்மை புலனாகும். எஸ்தாக்கியார் பல போர்களை வென்ற தளபதி; அரங்கிலே வாளேந்திக் கொலுவிருந்ததைச் சபையோர் கண்டிருக்கின்றனர். ஆற்று நடுவிலே அந்த வாள் எதற்கும் உதவவில்லை. அரிச்சந்திரன் நாடாண்ட மன்னன். சுடலையிலே அவ்வரசு பயன்படவில்லை. அவன் உயிரினும் மேலாகப் போற்றிய வாய்மையே அவனைத் தாக்கும் படையாக மாறிவிடுகின்றது. கதை முழுவதும் சேர்த்துவைத்த வலிமை கைகொடாமற் போகும் இடம் எதுவோ, அவ்விடமே நெஞ்சில் நிலைக்கின்றது. அங்கே முடியும் உடையும் பொருளற்றுப் போகின்றன. வேடத்துக்குள் இருக்கும் மனிதன் மட்டும் நிற்கின்றான்.

இது கூத்துக்கு மட்டும் உரிய விதியாயின் பழங்கதையாகப் போயிருக்கும். இன்று தீவகத்து வீடுகளிலும், தீவகத்திலிருந்து கனடாவுக்கும் பிரான்சுக்கும் சென்று குடியேறியோர் வீடுகளிலும் இளைஞர் வேறொரு வகையில் வேடம் புனைகின்றனர். கணினித் திரையிலே ஒரு பாத்திரத்தைத் தமதாக்கிக்கொண்டு, அதன் பெயரால் நடந்து, பேசி, போரிட்டு, ஐம்பது அறுபது மணி நேரம் அதனுள் வாழ்கின்றனர். 1974 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டே இவ்வகைக்கு முன்னோடி. அதில் நண்பர்கள் கூடியிருந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். அவரை அவர்களின் அண்ணாவியார் என்று கூறினும் பொருந்தும். பின்னர் அவ்விடத்தைக் கணினி ஏற்றுக்கொண்டது.

இவ்விளையாட்டுக்களை ஆடியோரைக் கேட்டால் அவர்களும் ஒரு கணத்தையே சொல்கின்றனர். 1997 ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ ஏழாம் விளையாட்டிலே ஏரித் என்றொரு பெண் வருகின்றாள். பூ விற்பவள், காயமுற்றோரை ஆற்றும் ஆற்றல் உடையவள். ஆடுபவர் அவளைத் தம் கூட்டத்திலே சேர்த்து, ஆயுதம் கொடுத்து, பல மணி நேரம் பழக்கி வளர்க்கின்றார். போரிலே விழுந்தவரை மீண்டும் எழுப்பும் மருந்து அவ்வுலகத்துக் கடைகளிலே விற்கப்படுகின்றது. ஆதலால் சாவு என்பது காசு கொடுத்தால் தீரும் சிறு தொல்லை என்றே ஆடுபவர் எண்ணிப் பழகிவிடுகின்றார். அவ்வேளையிலே, வேண்டுதல் செய்துகொண்டிருக்கும் ஏரித் பகைவனின் வாளால் மடிகின்றாள். பையிலே மருந்து எத்தனை இருப்பினும் அவள் எழுவதில்லை. அதன்பின் நடக்கும் போரிலும், போர்ப்பறைக்குப் பதிலாக அவளுக்குரிய மெல்லிசையே ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அவளை மீட்கும் வழி எங்கேனும் மறைந்திருக்கும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தேடியோர் பலர். வழி இல்லை. நடு ஆற்றிலே நின்ற எஸ்தாக்கியாரின் நிலை இதுவேயன்றோ?

ஆயினும் கூத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தன் கொப்பியை மீற முடியாது. விளையாடுபவருக்குத் தெரிவு உண்டு. 1986 இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் இறுதியிலே, எதிரியாகிய நாகவேந்தன், உலகில் ஒரு பாதியைத் தருகின்றேன், என்னோடு சேர்ந்துகொள் என்று வீரனை அழைக்கின்றான். ஆம் என்று விடை கூறினால் அத்தனை நாள் உழைப்பும் வீணாகி ஆட்டம் முடிந்துவிடும். வினாவுக்கு விடை கூறவேண்டியவர் பாத்திரமன்று. திரைக்கு முன்னால் இருக்கும் சிறுவனே. அவன் விரல் ஒரு கணம் தயங்குகின்றது. அத்தயக்கமே அவன் நினைவிலே தங்குகின்றது.

2015 இல் டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய ‘அன்டர்டேல்’ இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது. அதிலே டோரியெல் என்னும் அன்னை போன்ற பாத்திரம், வெளியே போனால் உனக்கு ஆபத்து என்று வழியை மறித்து நிற்கின்றது. பழக்கத்தின்படி வாளோங்கி அவளைக் கொன்றுவிட்டவர்கள் மனம் வருந்தி, பழைய இடத்திற்குத் திரும்பி, இம்முறை கொல்லாமல் கடந்து செல்வர். செய்த பிழை அழிந்தது என்று எண்ணி நிற்கையில் வேறொரு பாத்திரம் எதிரே வந்து, நீ முன்பு செய்ததை நான் அறிவேன் என்று கூறும். அழிக்கக்கூடியது என்று எண்ணிய செயலை ஆட்டமே நினைவில் வைத்திருக்கின்றது. இங்கும் வேடம் கழன்று விழுகின்றது. குற்றவாளியாக நிற்பவர் வேடமேற்றவரே.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றே. பிறர் கதையைக் கேட்பதால் அறிவு வரலாம், இன்பமும் வரலாம். வேடமேற்றவனுக்கோ, மாதக்கணக்கில் அல்லது மணிக்கணக்கில் அவ்வேடத்தின் சுமையைத் தன் உடலாலே தாங்கியபின், அவ்வேடமும் உதவாத ஓரிடத்திலே தானே நிற்கவேண்டி வருகின்றது. அந்த இடத்திலே நடந்தது கதையில் வரும் ஒருவனுக்கு நடந்ததாக அவன் எண்ணுவதில்லை. தனக்கு நடந்ததாகவே எண்ணுகின்றான். ஆகையால் மறப்பதில்லை. கூத்தைப் பார்த்தவரும் இதற்கு விலக்கல்லர். அரங்கிலே நிற்பவன் தம் மைத்துனன் அல்லது அயல்வீட்டுப் பிள்ளை என்பதை அவர் அறிவார். ஆதலால் ஆற்றிலே தவிப்பவனும் தம்மவனே.

இந்நினைவு வெறும் இன்பப்பொருளாக மட்டும் இருந்துவிடவில்லை. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீட்டை விட்டு ஓடுவோர் குழந்தையைத் தூக்குவர், முதியோரைத் தாங்குவர். கூத்துக் கொப்பியைத் தேடி எடுக்க நேரம் இராது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966 இல் மூவிராசாக்கள் நாடகத்தையும் 1967 இல் ஞானசவுந்தரி நாடகத்தையும் பதிப்பித்து அச்சிலே நிலைநிறுத்தினார். அத்தகைய பேறு பெறாத கூத்துக்களுக்கு ஆடியவர் நெஞ்சமே ஏடாயிற்று. நெஞ்சம் எதைப் பற்றிக்கொள்கின்றது என்று பார்த்தோம். அது முதலிலே அந்த ஒரு கணத்தைப் பற்றிக்கொள்கின்றது. கணத்தைச் சொல்லத் தொடங்கினால் அதற்குரிய இராகம் வரும். இராகத்தைப் பிடித்துப் பாட்டின் அடி வரும். அடியைப் பிடித்து அடுத்தவன் வரவு வரும். மெலிஞ்சிமுனை போன்ற ஊர்களின் கூத்து மரபு ஊர் கலைந்த பின்னரும் அழியாமல் நிற்பதற்கு இந்நினைவே துணை.

ஆகவே இளைஞர்க்கும் முதியோர்க்கும் இடையே இன்று ஒரு பாலம் இடுதல் கூடும். திரைக்கு முன்னே அமர்ந்து ஏரித் இறந்ததற்காகக் கண்கலங்கும் பேரனை, வீண் பொழுது போக்குகின்றான் என்று கடிந்துகொள்ளும் பேரனார் தாமும் ஒருகாலத்தில் இல்லாத ஆற்றின் கரையிலே அழுதவர் அல்லரோ? பேரன் தன் கணத்தைச் சொல்லட்டும். பேரனார் தம் கணத்தைச் சொல்லட்டும். பேரனுடைய விளையாட்டு இயந்திரத்திலே பத்திரமாக இருக்கின்றது. வேண்டியபோது மீண்டும் ஆடலாம். பேரனாருடைய கூத்து அவர் நெஞ்சிலே மட்டும் இருக்கின்றது. அதைக் கேட்டு எழுதிவைப்பதற்கு உரிய காலம், அவர் பேசிக்கொண்டிருக்கும் இக்காலமே.